நீர்மூழ்கித் தளபதி ஒருவரின் தந்திரோபாயங்களை மதிப்பிடுதல்: கொழும்பை நோக்கி வந்த ஐந்து கப்பல்கள், 1944

மாணவர்களே, வினாவின் கடைசிச் சொல்லை முதலில் வாசியுங்கள். "குறிப்பிடுக" என்றால் பெயரை எழுதினால் போதும். "விபரிக்க" என்றால் நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். "மதிப்பிடுக" என்று இருந்தால், நடந்ததைச் சொல்லி முடித்த இடத்தில்தான் உங்கள் விடை தொடங்குகின்றது. மாணவர்களில் பலர் அந்த இடத்திலேயே பேனாவை வைத்துவிடுகின்றனர். இரண்டு பக்கம் எழுதியும் ஏன் புள்ளி குறைந்தது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இவர்களே.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வினாவை எடுத்து முழுமையாகப் பார்ப்போம்.

"இரண்டாம் உலகப் போரில் வெற்றிகரமாகச் செயற்பட்ட நீர்மூழ்கிக் கப்பல் தளபதி ஒருவரின் தந்திரோபாயங்களை மதிப்பிடுக."

இவ்வாறான வினாவுக்கு எல்லோரும் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கே ஓடுவார்கள். ஜேர்மனியின் யூ-99 கப்பலின் தளபதி ஒற்றோ கிறெச்மரைப் பற்றி எழுதுவார்கள். அது பிழையல்ல. ஆனால் எமது கடலிலேயே, கொழும்புத் துறைமுகத்தை நோக்கி வந்த கப்பல்களைத் தாக்கிய ஒரு தளபதி இருக்கின்றார். அவர் யப்பானியக் கடற்படையின் ஐ-27 நீர்மூழ்கிக் கப்பலின் தளபதி புக்குமுறா தொஷியாக்கி. மதிப்பிடுதல் என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்ள இவரைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் இரண்டு சொற்கள்

தந்திரோபாயம் வேறு, மூலோபாயம் வேறு. ஒரு போரை எவ்வாறு வெல்வது என்ற பெரிய திட்டம் மூலோபாயம். அதை அரசாங்கமும் கடற்படைத் தலைமையும் தீர்மானிக்கும். ஒரு குறித்த மோதலில் எங்கே காத்திருப்பது, எப்போது தாக்குவது, எவ்வாறு தப்புவது என்பவை தந்திரோபாயம். அதைத் தளபதி தீர்மானிப்பார். வினா கேட்பது தந்திரோபாயத்தையே. ஆயினும் மூலோபாயம் தெரியாமல் தந்திரோபாயத்தை நிறுக்க முடியாது. சந்தையில் தராசின் ஒரு தட்டை மாத்திரம் பார்த்து விலை சொல்ல முடியாது அல்லவா?

இந்து சமுத்திரத்தின் நிலைமை

1942 ஏப்பிரல் 5 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்பிரல் 9 ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. ஹெவ்லொக் டவுனில் அல்லது வெள்ளவத்தையில் வசிக்கும் மாணவர்கள் றீட் அவெனியூவில் உள்ள பழைய குதிரைப் பந்தயத் திடலை அறிவீர்கள். இன்று கடைத்தொகுதி உள்ள அந்த இடம் போர்க்காலத்தில் விமான ஓடுபாதையாக இருந்தது. அன்று காலை பிரித்தானியப் போர் விமானங்கள் அங்கிருந்தும் எழுந்தன. உலகப் போர் என்பது எங்கோ நடந்த விடயம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை அந்தப் பக்கம் நடந்து பாருங்கள்.

இத்தாக்குதல்களின் பின்னர் பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் பெரும் பகுதி ஆபிரிக்காவின் மொம்பாசாவிலுள்ள கிலின்டினித் துறைமுகத்துக்குப் பின்வாங்கியது. 1943 இல் அதன் காவற் கப்பல்கள் பல மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டன. அங்கே சிசிலித் தீவில் இறங்கும் நடவடிக்கைக்கு அவை தேவைப்பட்டன. இதனால் இந்து சமுத்திரத்தில் வணிகக் கப்பல்கள் பல காவலின்றித் தனித்தனியே பயணஞ் செய்தன. மறுபுறத்தில் யப்பானியர் மலாயாவின் பினாங்குத் துறைமுகத்தை நீர்மூழ்கித் தளமாகப் பயன்படுத்தினர். தேசப்படத்தில் மொம்பாசா, கொழும்பு, பினாங்கு, ஏடன் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்வரும் சம்பவங்கள் எல்லாம் இந்த நான்கு புள்ளிகளுக்கிடையிலேயே நடைபெறுகின்றன.

புக்குமுறாவின் முறைகள்

புக்குமுறா 1943 இன் தொடக்கத்தில் ஐ-27 இன் பொறுப்பை ஏற்றார். ஒரு வருட காலத்தில் பத்துக்குக் குறையாத கப்பல்களை மூழ்கடித்தார். இவற்றைத் தவிர சேதமடைந்து தப்பியவையும் உண்டு. யப்பானிய நீர்மூழ்கித் தளபதிகளுள் வணிகக் கப்பல்களைத் தாக்குவதில் இது உயர்ந்த பெறுபேறாகும்.

அவரது முதலாவது திறமை இடத்தைத் தெரிவு செய்வதில் இருந்தது. நீர்மூழ்கிக் கப்பல் நீருக்கடியில் மிக மெதுவாகவே செல்லும். மணிக்கு எட்டுக் கடல்மைல் வேகத்துக்கு மேல் அதனால் ஓட முடியாது. அந்த வேகத்தையும் நீண்ட நேரம் தக்கவைக்க முடியாது, மின்கலங்கள் தீர்ந்துவிடும். ஆகவே ஓடும் கப்பலைத் துரத்திப் பிடிக்க முயல்வது வீண். கப்பல்கள் வந்தே ஆகவேண்டிய இடத்தில் முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும். புக்குமுறா ஓமான் வளைகுடா, ஏடன் வளைகுடா, மாலைதீவுக் கால்வாய்கள் போன்ற ஒடுங்கிய வழிகளில் காத்திருந்தார். பரந்த கடலில் எங்கும் சிதறிச் செல்லும் கப்பல்கள் இவ்விடங்களில் நெருங்கி வரும். வலை போடும் மீனவர் முகத்துவாரத்தைத் தெரிவு செய்வதும் இதே காரணத்தினாலேயே. 1943 ஜூன் மாதத்தில் மஸ்கற் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த டா பு என்ற கப்பலையே அவர் தாக்கி மூழ்கடித்தார். இதற்குத் துணிவும் கணக்கும் இரண்டும் வேண்டும்.

இரண்டாவது, கையிலிருந்த ஆயுதத்தை நன்கு பயன்படுத்தியமை. நீருக்கடியில் தானே ஓடிச்சென்று வெடிக்கும் குண்டு டோர்பிடோ ஆகும். பிற நாடுகளின் டோர்பிடோக்கள் பல அழுத்திய காற்றினால் இயங்கின. அவை ஓடும்போது மேற்பரப்பில் வெண்ணிறக் குமிழிக் கோடு தோன்றும். கப்பலில் இருப்பவர்கள் அதைக் கண்டு விலக முயலலாம். யப்பானியரின் 95 ஆம் வகை டோர்பிடோ ஒட்சிசனைப் பயன்படுத்தியது. அதனால் குமிழிகள் மிகக் குறைவு, வேகமும் தூரமும் அதிகம். இது புக்குமுறாவின் கண்டுபிடிப்பு அல்ல. ஒரு தளபதியைப் புகழும்போது அவருக்கு அளிக்கப்பட்ட கருவியின் சிறப்பையும் சேர்த்து அவர் கணக்கில் எழுதிவிடக்கூடாது. இதைப் பல மாணவர்கள் கவனிப்பதில்லை.

மூன்றாவது, அவரது இலக்குகளில் பெரும்பாலானவை தனித்துச் சென்ற கப்பல்கள். மேலே சொன்ன காவற் கப்பல் தட்டுப்பாட்டை நினைவில் வைத்து இதை வாசியுங்கள். பலவீனமான இடத்தில் தாக்குவது சரியான தந்திரோபாயமே. ஆனால் பலவீனம் எதிரி உண்டாக்கிக் கொடுத்தது. கிறெச்மரின் நிலைமை இதற்கு மாறானது. அவர் இரவில் மேற்பரப்பில் மிதந்தபடி, காவலுடன் சென்ற கப்பல் தொடரணிகளின் நடுவே புகுந்து தாக்கினார். ஒலியலை அனுப்பித் தேடும் பிரித்தானியக் கருவி நீருக்கடியில் உள்ளதையே கண்டுபிடிக்கும். மேற்பரப்பில் இருப்பதை அதனால் கண்டறிய முடியாது. இந்த ஓட்டையை அவர் பயன்படுத்தினார். நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் அவருக்கு இரையாகின. ஆனால் 1941 மார்ச் 17 ஆந் திகதி அவரது கப்பல் மூழ்க, அவரும் சிறைப்பட்டார். இருவரையும் ஒரே எண்ணிக்கைக் கோலால் அளப்பது முறையல்ல.

இதில் ஒரு வேடிக்கையான தகவலும் உண்டு. கனடாவில் கட்டப்பட்ட போர்ட் கமோசன் என்ற கப்பலை 1942 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஐ-25 என்ற யப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. அது மூழ்கவில்லை, இழுத்துச் சென்று திருத்தினார்கள். 1943 டிசெம்பரில், உலகின் மறுபக்கத்தில், ஏடன் வளைகுடாவில் புக்குமுறா அதே கப்பலைத் தாக்கினார். அப்போதும் அது மூழ்கவில்லை! பரீட்சையில் இதை எழுதத் தேவையில்லை. ஆனால் ஒரு தளபதியின் எல்லாத் தாக்குதல்களும் வெற்றியில் முடிவதில்லை என்பதை நினைவில் வைக்க உதவும்.

1944 பெப்ரவரி 12, சனிக்கிழமை

1944 தொடக்கத்தில் நிலைமை மாறத் தொடங்கியது. கிழக்குக் கடற்படை இலங்கைக்குத் திரும்பி வந்தது. பர்மாவில் யப்பானியருடன் போரிட ஆபிரிக்காவிலிருந்து படைகள் கொண்டுவரப்பட்டன. அப்படைகளை ஏற்றிய கே.ஆர்.8 என்ற தொடரணி பெப்ரவரி முதல் வாரத்தில் கிலின்டினியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. கெடிவ் இஸ்மாயில், சிற்றி ஒவ் பரிஸ், வர்சோவா, எக்மா, எலெங்கா ஆகிய ஐந்து படைக்காவிக் கப்பல்கள் அதில் இருந்தன. ஹோக்கின்ஸ் என்ற குரூசர் கப்பலும், பலடின், பெற்றாட் என்ற இரு நாசகாரிக் கப்பல்களும் காவலுக்கு வந்தன. ஐந்து கப்பல்களுக்கு இரண்டு நாசகாரிகள் என்பது போதிய காவல் அல்ல.

கெடிவ் இஸ்மாயிலில் 1511 பேர் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ ஆயிரம் பேர் கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையின் 301 ஆவது படைப்பிரிவினர். 83 பெண்களும் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலானோர் இராணுவத் தாதியர், ஏனையோர் கடற்படையினதும் பிற சேவைகளினதும் பெண்கள்.

பிற்பகல் இரண்டரை மணியளவில், மாலைதீவின் தென்பகுதியிலுள்ள ஒன்றரைப் பாகைக் கால்வாயை அண்மித்தபோது இரண்டு டோர்பிடோக்கள் கெடிவ் இஸ்மாயிலைத் தாக்கின. கப்பலின் உள்ளே இசை நிகழ்ச்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. பலர் கீழ்த்தளங்களில் இருந்தனர். ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கியது. உயிர்காப்புப் படகுகளை இறக்கவே நேரம் கிடைக்கவில்லை. 1297 பேர் இறந்தனர். 208 ஆண்களும் 6 பெண்களும் மாத்திரமே உயிர் தப்பினர். கொழும்பை நோக்கி வந்த அந்தத் தாதியரில் மிகப் பெரும்பாலோர் இத்தீவின் கரையைக் காணவே இல்லை.

அதன் பின்னர் நடந்ததுதான் எமது வினாவுக்கு முக்கியமானது. ஏனைய நான்கு கப்பல்களும் விரைந்து விலகின. நாசகாரிகள் இரண்டும் நீர்மூழ்கியைத் தேடின. ஐ-27 தப்பி ஓடாமல், நீரில் தத்தளித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கீழேயே இருந்தது. பலடின் உயிர் தப்பியோரை மீட்கத் தொடங்க, பெற்றாட் ஆழ்நீர்க் குண்டுகளை வீசியது. குறித்த ஆழத்தை அடைந்ததும் வெடிக்கும் இக்குண்டுகளின் அதிர்ச்சி நீருக்குள் இருப்பவர் எவரையும் பாகுபாடின்றிக் கொல்லும். நீரில் தத்தளித்த பிரித்தானியத் தரப்பினர் சிலரும் அதனால் இறந்தனர்.

ஈற்றில் ஐ-27 சேதமடைந்து மேலே வந்தது. நாசகாரிகள் பீரங்கியாற் சுட்டன. பெற்றாட்டின் நான்கு அங்குலக் குண்டுகள் நீர்மூழ்கியின் தடித்த உட்கவசத்தைத் துளைக்கவில்லை. பலடின் நேரே மோதச் சென்று, கடைசி நேரத்தில் திரும்பியபோது நீர்மூழ்கியின் பக்கத் துடுப்பு அதன் அடிப்பாகத்தைக் கிழித்தது. பின்னர் பெற்றாட் ஒன்றன்பின் ஒன்றாக டோர்பிடோக்களை ஏவியது. ஏழாவது டோர்பிடோ பட்டு ஐ-27 அழிந்தது. புக்குமுறாவும் தனது கப்பலோடு மடிந்தார். (இந்தப் பெற்றாட் சாதாரண கப்பல் அல்ல. 1942 ஒக்ரோபரில் மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த ஜேர்மன் யூ-559 இலிருந்து இரகசியக் குறியீட்டுப் புத்தகங்களை மீட்டதும் இதே கப்பலின் மாலுமிகளே.)

எண்ணிக்கையும் மதிப்பீடும்

இப்போது தகவல்கள் கையில் உள்ளன. வழமையான விடையொன்று இவ்வாறு இருக்கும்:

"புக்குமுறா மிகச் சிறந்த தளபதி. அவர் பல கப்பல்களை மூழ்கடித்தார். கெடிவ் இஸ்மாயிலில் 1297 பேரைக் கொன்றார். ஆகவே அவரது தந்திரோபாயங்கள் வெற்றிகரமானவை."

இதில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் மதிப்பீடும் இல்லை. கொல்லப்பட்டோரின் எண்ணிக்கை தந்திரோபாயத்தின் அளவுகோல் ஆகாது. கப்பல் இரண்டு நிமிடத்தில் மூழ்கியதால்தான் அத்தனை பேர் இறந்தனர். இருபது நிமிடம் மிதந்திருந்தால் பெரும்பாலோர் பிழைத்திருப்பர். அப்போதும் புக்குமுறா குறிவைத்த விதம் அதுவேதான். ஒரே தாக்குதலுக்கு ஒரு நாளில் சிறப்பும் மறுநாளில் சாதாரணமும் எனப் புள்ளி போட முடியுமா?

அப்படியானால் எதைப் பார்ப்பது? அவர் எதற்காக அனுப்பப்பட்டாரோ அது நிறைவேறியதா என்று பார்க்க வேண்டும். நோக்கம் பிரித்தானியாவின் கடல்வழியைத் துண்டிப்பது. கே.ஆர்.8 இல் ஐந்தில் நான்கு கப்பல்கள் தமது படைகளுடன் தப்பின. அவ்வழியால் படைகள் வருவதும் நிற்கவில்லை. அதே ஆண்டு மார்ச் முதல் ஜூலை வரை இம்பால், கொஹிமா போர்களில் யப்பானியர் பெருந் தோல்வி கண்டனர். ஒரு பீரங்கிப் படைப்பிரிவு அழிந்தமை பேரிழப்பே. ஆயினும் அது போரின் போக்கை மாற்றவில்லை.

இதற்கு முழுப் பொறுப்பையும் அவர் மீது சுமத்துவதும் அநியாயம். யப்பானியக் கடற்படைத் தலைமை நீர்மூழ்கிகளை முதன்மையாக எதிரியின் போர்க் கப்பல்களுக்கு எதிரான ஆயுதமாகவே கருதியது. ஜேர்மனியர் செய்ததைப் போலப் பெருந்தொகையான நீர்மூழ்கிகளைக் கூட்டமாக அனுப்பி வணிகக் கடல்வழிகளை நெரிக்கும் முயற்சியில் அது ஈடுபடவில்லை. இந்து சமுத்திரத்துக்கு ஒதுக்கப்பட்டவை சிலவே. ஒருவர் எவ்வளவு திறமையாகக் குறிபார்த்தாலும் சமுத்திரத்தை ஒற்றைக் கப்பலால் அடைக்க முடியாது. மூலோபாயம் தவறானால் நல்ல தந்திரோபாயமும் வீணாகும் என்பதற்கு இது சிறந்த உதாரணம். விடையில் இந்த ஒரு கருத்தைத் தெளிவாக எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் புள்ளியிடும் ஆசிரியர் உடனே காண்பார்.

தப்பும் முறையையும் பாருங்கள். தனித்த கப்பலை அடித்துவிட்டு ஆறுதலாக விலகிச் செல்லலாம், தேடி வருவதற்கு ஆள் இல்லை. காவலுள்ள தொடரணியை அடித்தால் உடனே வேட்டை தொடங்கும். ஒரு வருடமாகப் பலித்த முறை காவற் கப்பல்கள் முன்னிலையில் ஒரே பிற்பகலில் அவரைப் பலியெடுத்தது. அவர் வேண்டுமென்றே தத்தளித்தோரின் கீழே ஒளிந்தாரா, அல்லது அவரது கப்பல் அங்கே அகப்பட்டுக்கொண்டதா? அவர் உயிருடன் இல்லாதபடியால் அவரது விளக்கம் எங்கும் பதிவாகவில்லை. "ஒளிந்தார்" என்று எழுதுவதற்கும் "அவர்களுக்குக் கீழே இருந்தார்" என்று எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவது நோக்கத்தைச் சொல்கின்றது, இரண்டாவது நடந்ததைச் சொல்கின்றது. ஆதாரம் உள்ள அளவுக்கு மாத்திரம் எழுதுங்கள்.

எது குற்றம், எது குற்றமல்ல?

ஹெவ்லொக் டவுனில் நடக்கும் எமது மாலை வகுப்பில் இப்பகுதியைப் படிப்பித்தபோது மாணவி ஒருவர் கேட்டார்: "சேர், எழுபத்தேழு பெண்களைக் கொன்றவரை எப்படித் திறமைசாலி என்று எழுதுவது? எழுதக் கை வருகுதில்லை." நல்ல கேள்வி. கை வராமல் இருப்பதில் தவறில்லை. ஆனால் அந்த உணர்வைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

1936 இல் இலண்டனில் கையெழுத்தான உடன்பாட்டின்படி, வணிகக் கப்பலொன்றை மூழ்கடிப்பதற்கு முன்னர் அதிலுள்ளோரைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவ்விதி நீர்மூழ்கிகளுக்கும் பொருந்தும். யப்பானும் அதில் கையெழுத்திட்டது. எனினும் போர்க் கப்பல்களின் காவலுடன் படையினரை ஏற்றிச் செல்லும் கப்பலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே கெடிவ் இஸ்மாயில் சட்டபூர்வமான போர் இலக்கு. உள்ளே தாதியர் இருந்தமை பெரிஸ்கோப்பினூடாகப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 1297 பேர் இறந்த அந்தத் தாக்குதல் பெருந் துயரம், ஆனால் போர்க் குற்றம் அல்ல.

இனி மறுபக்கம். 1943 மார்ச் மாதத்தில் புக்குமுறா போர்ட் மம்போர்ட் என்ற வணிகக் கப்பலை மூழ்கடித்தார். உயிர்காப்புப் படகுகளில் இருந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. ஒரேயொருவர் மாத்திரமே உயிர் பிழைத்து நடந்ததைச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் சாம்பிறிட்ஜ் என்ற கப்பல் மூழ்கியபோதும் தப்பியவர்கள் மீது சுட்டதாகச் சாட்சியங்கள் உள்ளன. இவற்றில் இறந்தோர் தொகை கெடிவ் இஸ்மாயிலுடன் ஒப்பிடும்போது மிகச் சிறியது. ஆனால் இவையே குற்றங்கள். கப்பல் மூழ்கிய பின்னர் படகில் மிதப்பவர் போராளி அல்லர். அவரைச் சுடுவதால் எந்தக் கடல்வழியும் அடைபடுவதில்லை.

கவனித்தீர்களா? இறந்தோர் தொகை பெரிதான இடத்தில் குற்றம் இல்லை, சிறிதான இடத்தில் இருக்கின்றது. எண்ணிக்கையை மாத்திரம் பார்த்து எழுதும் மாணவர் இரண்டையும் தலைகீழாகவே எழுதுவார்.

இது யப்பானியரை மாத்திரம் குறை சொல்வதற்கான இடமும் அல்ல. கிரேக்கக் கப்பலான பெலியஸில் தப்பியோர் மீது சூடு நடத்திய ஜேர்மன் தளபதி ஹைன்ஸ் எக் போருக்குப் பின் பிரித்தானிய நீதிமன்றில் விசாரிக்கப்பட்டு 1945 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுபுறத்தில், முன்னறிவித்தலின்றி வணிகக் கப்பல்களைத் தாக்கும் முறையை அமெரிக்க நீர்மூழ்கிகளும் பசுபிக் சமுத்திரத்தில் பின்பற்றின. நூரம்பேர்க் விசாரணையில் ஜேர்மன் தளபதி டோனிற்சின் தண்டனையைத் தீர்மானிக்கும்போது நீர்மூழ்கிப் போர் விதிமீறலைக் கணக்கில் எடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். வென்றவர் தோற்றவர் இருவருக்கும் ஒரே தராசைப் பிடியுங்கள்.

அந்த ஒரே தராசில் பெற்றாட்டின் தளபதி ரூபேர்ட் ஈகனையும் வைத்துப் பார்க்க வேண்டும். கண் முன்னே தமது தரப்பினர் நீரில் கையசைக்கின்றனர். அவர்களுக்குக் கீழே எதிரி. குண்டு வீசினால் தம்மவர் சாவர். வீசாவிட்டால், தப்பியோடிய நான்கு கப்பல்களிலும் உள்ள படையினர் அடுத்த இலக்கு ஆகலாம். அவர் வீசினார். என் கருத்தில், கொடிய தெரிவாயினும் அவருக்கு அதைவிட வேறு வழி இருக்கவில்லை. நீங்கள் இதற்கு மாறாக வாதாடலாம். காரணத்தோடு வாதாடினால் புள்ளி கிடைக்கும்.

விடையின் ஒரு பந்தி எவ்வாறு இருக்கலாம்

கீழே உள்ளதை மனனஞ் செய்ய வேண்டாம். அமைப்பை மாத்திரம் பாருங்கள்.

"ஒடுங்கிய கடல்வழிகளில் காத்திருந்து தாக்கியமை புக்குமுறாவின் சிறந்த தந்திரோபாயம் ஆகும். நீர்மூழ்கியின் குறைந்த வேகத்தை இதன்மூலம் அவர் ஈடுசெய்தார். எனினும் அவரது வெற்றிகளில் ஒரு பங்கு, 1943 இல் நேச நாடுகளிடம் காவற் கப்பல்கள் குறைவாக இருந்தமையால் கிடைத்ததாகும். காவலுள்ள தொடரணியைத் தாக்கியபோது ஒரு பெருங் கப்பலை அழித்தாலும் தமது கப்பலை இழந்தார். உயிர் தப்பியோர் மீதான துப்பாக்கிச் சூட்டினால் எவ்வித இராணுவப் பயனும் கிடைக்கவில்லை, அது சர்வதேசச் சட்டத்துக்கும் முரணானது. ஆகவே தாக்குதலில் அவர் திறமையானவர் என்றாலும் அவரது முறைகள் முழுமையான வெற்றியைத் தரவில்லை."

ஆறு வசனங்கள்தான். முதல் இரண்டும் பலத்தையும் அதற்கான காரணத்தையும் கூறுகின்றன. "எனினும்" என்ற சொல் தராசின் மறுதட்டைத் தொடக்கி வைக்கின்றது. கடைசி வசனம் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புக் கூறுகின்றது. "நன்மையும் உண்டு, தீமையும் உண்டு" என்று நடுவில் நின்று முடிக்கும் விடையை நான் திருத்தினால் முழுப் புள்ளி கொடுக்கமாட்டேன். அது மதில்மேற் பூனை.

பயிற்சி வினா

முதலாம் உலகப் போரில், 1914 செப்டெம்பர் 22 ஆந் திகதி இரவு, ஜேர்மன் போர்க் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டது. அதன் பின்னர் அது இலங்கையைச் சுற்றி வந்து, கொழும்புக்கு அப்பாலுள்ள கடலில் வணிகக் கப்பல்கள் பலவற்றைப் பிடித்தது. அதன் தளபதி கார்ல் வொன் முல்லர், கப்பல்களை மூழ்கடிக்க முன்னர் அவற்றிலிருந்தோரை இறக்கி, வேறொரு கப்பலில் ஏற்றி விடுவித்தார். ஒக்ரோபர் 28 இல் போலிப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்தி வேற்றுக் கப்பல்போல் பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்து ரஷ்யப் போர்க் கப்பலொன்றை அழித்தது. நவம்பர் 9 இல் கொக்கோஸ் தீவுகளில் அவுஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் எம்டனை முறியடித்தது. எவருக்கும் அடங்காத சாமர்த்தியசாலியை "ஆள் ஒரு எம்டன்" என்று எமது வீடுகளில் இன்றும் சொல்வது இதனாலேயே. சிங்களத்திலும் இச்சொல் இருக்கின்றது.

வினா: "முல்லரின் தந்திரோபாயங்களைப் புக்குமுறாவின் தந்திரோபாயங்களுடன் ஒப்பிட்டு மதிப்பிடுக."

குறிப்பு: முல்லர் நல்லவர், புக்குமுறா கெட்டவர் என்று இரண்டு வரியில் முடித்துவிட வேண்டாம். எம்டன் மேற்பரப்பில் செல்லும் பெரிய கப்பல், பிடித்த கப்பல்களைக் கூடவே வைத்திருக்கவும் கைதிகளை ஏற்றவும் அதனால் முடிந்தது. ஏறத்தாழ நூறு மாலுமிகள் நெருக்கியடித்து வாழும் நீர்மூழ்கியில் நூறு கைதிகளை எங்கே வைப்பது? இது மீட்காமல் விட்டுச் சென்றதை விளக்கும். படகுகளைச் சுட்டதை விளக்குமா என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள். நேரம் 20 நிமிடம்.